காலை வணக்கப் படங்கள்

வக்கீலாக நீதிமன்றத்துக்குப் போவதை நிறுத்திய பிறகு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு சீனியர் வக்கீலின் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்காரும் வேலை கிடைத்தது. கட்சிக்காரரின் செல்போனில் இருப்பதையெல்லாம் நகலெடுத்துத் தருவார்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, வழக்குக்குத் தேவை, தேவையில்லை என்று நான் குறிக்க வேண்டும். தேவையில்லை என்று ஒதுக்கியதை அதன்பின் யாரும் திறப்பதில்லை.

பீர்க்கன்கரணையிலிருந்து ஒருவர் வந்தார். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வலது கை விரல்களை இழந்தவர். மெஷினின் பாதுகாப்பு மூடியை அவரே வேண்டுமென்றே கழற்றினார், ஆகவே இழப்பீடு கிடையாது என்றது கம்பெனி. சூப்பர்வைசர்தான் கழற்றச் சொன்னார் என்றார் இவர்.

"வாட்ஸப் குரூப்புலயே போட்டாரு சார். தேடிப் பாருங்க."

எழுத்தாக வந்த செய்திகளை வரிவரியாகப் படித்தேன். ஒன்றுமில்லை. மீதியெல்லாம் படங்கள். ரோஜா, முருகன், ஆவி பறக்கும் காபி. சூப்பர்வைசர் ஒரு நாள் விடாமல் காலை வணக்கம் அனுப்பியிருந்தார். திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்களாக நின்றன.

பக்கத்து நாற்காலியிலிருந்த ஜூனியர் பெண் எட்டிப் பார்த்தாள். "இன்னா சார், பூக்கடை போட்டுட்டீங்களா?"

சிரித்தேன். எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்வு செய்து தேவையில்லை என்று குறித்தேன். எங்கள் குடும்ப குரூப்பில் வருவதையும் அப்படித்தான், திறக்காமலே அழிப்பேன்.

இழப்பீட்டு மனு தள்ளுபடியானது.

ஒரு வாரம் கழித்து, ஒப்படைத்திருந்த போனை வாங்கிப்போக அவர் வந்தார். என் மேஜையருகே நின்று இடது கட்டைவிரலால் தள்ளித் தள்ளி ஒரு ரோஜாவைத் திறந்து நீட்டினார். படத்துக்குக் கீழே, திறந்தால் மட்டும் தெரிகிற இடத்தில், சூப்பர்வைசர் எழுதியிருந்தார்: 'குட் மார்னிங். இன்னிக்கு லோடு ஜாஸ்தி. மூடியைக் கழட்டிட்டு ஓட்டுங்க.'

"இத்த காட்டலையா சார்?"

மேல்முறையீட்டுக்கு இன்னும் அவகாசம் இருந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் நான் படங்களைத் திறக்கவில்லை என்று சீனியரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

"இதெல்லாம் கோர்ட்டுல நிக்காதுப்பா" என்றேன்.

"அப்டியா சார்? நான் இத்தத்தான் நம்பிக்கினு இருந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "அப்போ அந்த குரூப்பையே அழிச்சிடவா? மெமரி ஃபுல்லுன்னு ஒரே பேஜாரு."

எனக்கு நெஞ்சு படபடக்கவில்லை. வாய் உலரவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அழிச்சிடுப்பா."

அவருக்கு அது சரியாக வரவில்லை. போன் கை நழுவியது. நான் வாங்கி அழித்துக் கொடுத்தேன். "தேங்க்ஸ் சார்" என்றார்.

மேல்முறையீட்டு அவகாசமும் முடிந்ததும் அலுவலகக் கணினியிலிருந்த நகலையும் நீக்கச் சொன்னார்கள். அது என் வேலை. செய்தேன்.