ஏறிய நம்பரும் ஒரு தேன்மிட்டாயும்

கொல்லிமலை பஸ்ஸில் இறங்கும்போது யாராவது இனிப்பு கொடுத்து, அதை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறீர்களா? எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, காலையில் தின்ற இட்லியை உள்ளேயே வைத்திருக்கப் போராடிக்கொண்டிருப்பார்கள். அந்த பஸ்ஸில்தான், இரண்டு மாதத்துக்கு முன்னால், சீட் சீட்டாகப் போய்த் தேன்மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார் செல்லமுத்து.

செல்லமுத்து மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டுக்காரர். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பெருங்குடலில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடித்து, மருந்தும் ஏற்றிக்கொண்டு எழுந்து வந்த மனிதர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு நாமக்கல் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். அன்றைக்கும் அதற்குத்தான் மனைவி பொன்னாயியோடு கிளம்பியிருந்தார்.

உங்களுக்குத்தான் தெரியுமே... பஸ்ஸில் ஏறினால் என் வாய் சும்மா இருக்காது. "என்னங்க விசேஷம்?" என்றேன்.

"நம்பரு ஏறிடுச்சுங்ணா! போன தடவ ரெண்டு புள்ளி நாலு. இப்ப பாருங்க, ஆறு புள்ளி ஒண்ணு!"

பேப்பரை நீட்டினார். பார்த்தேன். கையில் இருந்த மிட்டாய் கையிலேயே நின்றுவிட்டது.

சி.இ.ஏ. என்று போட்டிருந்தது. ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம் அது. பெருங்குடல் புற்றுநோய்க்காரர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் அது எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பார்த்துத்தான், நோய் எந்தப் பக்கம் போகும் என்று டாக்டர்கள் கணிப்பார்கள். குறைந்து, குறைந்தபடியே இருந்தால் நல்லது. ஏறினால்? நோய் திரும்பி வந்திருக்கலாம். நான் டாக்டருக்குப் படித்தவன் இல்லை. பொட்டலம் கட்டி வந்த பேப்பரையெல்லாம் படித்து வளர்ந்தவன். இது மட்டும் என் மச்சினருக்கு இதே வியாதி வந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் கற்றது.

செல்லமுத்து ஏன் சந்தோஷப்பட்டார்? அவர் மேல் தப்பே இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அவருக்கு ஹீமோகுளோபின் குறைவு. "நம்பர் ஏறினாத்தான் ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டார்கள். முருங்கைக்கீரையும் மாத்திரையுமாகப் பொன்னாயி அதை ஏற்றினார். ஏறியபோது நர்ஸ் கை தட்டினாராம். அன்றிலிருந்து ரத்தப் பேப்பரில் எது ஏறினாலும் நல்லது என்று இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள். நாம் மட்டும் என்ன? மார்க் ஏறினால் சந்தோஷம், சம்பளம் ஏறினால் சந்தோஷம், மிளகு விலை ஏறினால் கேட்கவே வேண்டாம். ஏறுவதென்றாலே நமக்குக் கொண்டாட்டம்தான்.

"ஏனுங்ணா, மொகம் ஏன் இப்படிப் போவுது?" என்றார் பொன்னாயி.

"வளைவுங்க... வயித்தப் பெரட்டுது" என்று பொய் சொன்னேன். மிட்டாயைச் சட்டைப் பையில் போட்டேன். சேந்தமங்கலத்தில் இறங்க வேண்டியவன், இறங்கவில்லை. அவர்களோடு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன்.

டாக்டரம்மா பேப்பரைப் பார்த்தார். "ஏறியிருக்கே..." என்றார்.

"ஆமாங்கம்மா! ரொம்ப சந்தோசமுங்க!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது ஏறக் கூடாத நம்பருங்க" என்று மெதுவாக ஆரம்பித்தார். செல்லமுத்துவின் சிரிப்பு எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பொன்னாயியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானையை விரலில் சுற்றியவர் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"திரும்ப வந்துருச்சுங்களாம்மா?" என்று கேட்டது செல்லமுத்துதான்.

"இத வெச்சு மட்டும் சொல்ல முடியாதுங்க. மலையில தூரத்துல பொகை தெரியுது. காடு எரியுதா, யாராச்சும் சோறாக்கறாங்களா? போய்ப் பாத்தாத்தானே தெரியும்? ஸ்கேன் எடுத்துப் பாப்போம்." அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: "பீடி குடிக்கறீங்களா?"

"ஐயோ, ஆபரேஷனோட விட்டாச்சுங்க!"

"சத்தியமா விட்டுட்டாருங்கம்மா" என்று பொன்னாயியும் சேர்ந்துகொண்டார்.

"பீடி, சிகரெட் குடிக்கறவங்களுக்கும் இந்தப் புரதம் கொஞ்சம் ஏறுமுங்க. அதனால கேட்டேன்."

பொன்னாயி மெல்லப் புருஷன் பக்கம் திரும்பினார். கோபமாக அல்ல. கெஞ்சுகிற மாதிரி.

"ஏனுங்க... குடிச்சீங்களா? சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். குடிச்சேன்னு சொல்லுங்க சாமி!"

புருஷன் தன்னிடம் பொய் சொல்லியிருக்க வேண்டுமே என்று ஒரு பெண் ஏங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செல்லமுத்து தரையைப் பார்த்தார். "இந்த வாட்டி மொளகு பறிக்கப் போறப்ப... ஏணிக்கடியில... ஒரு நாளைக்கு ரெண்டு..."

"ரெண்டு பீடியா?"

"ரெண்டு கட்டுங்கம்மா."

பொன்னாயி அழுதார். சிரித்தார். அப்புறம், ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று சொன்ன வாயால் சொன்னார் பாருங்கள்... அதை அச்சில் போட எடிட்டர் விட மாட்டார்!

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "பீடிதான் காரணம்னு நான் இன்னும் சொல்லலீங்க" என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனாலும் நம்பர் இறங்கிக் காட்ட வேண்டும். ஆறு வாரம் பீடியே கூடாது, பிறகு மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.

அந்த ஆறு வாரமும் அவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. "லேப்ல மூணு மாசத்துக்கு ஒருக்காத்தான் பாக்கறாங்க. நான் தெனமும் மோந்து பாக்கறனுங்ணா" என்று சந்தையில் ஒருமுறை சொன்னார் பொன்னாயி. அவர் மூக்குக்கு எந்த லேபும் ஈடில்லை.

போன வாரம் நாமக்கல்லிலிருந்து மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அதே பஸ். மறுபடியும் சீட் சீட்டாகத் தேன்மிட்டாயோடு செல்லமுத்து! "எறங்கிடுச்சுங்ணா! ரெண்டு புள்ளி எட்டு!" ஸ்கேன், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி எல்லாம் அந்தந்தக் காலத்தில் தொடர வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இருக்கட்டும். இறங்கியதற்குச் சந்தோஷப்பட இருவருக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

எனக்கு ஒன்றுதான் புரிந்தது. டாக்டரிடம் நம்பர் என்ன என்று கேட்கிறோம். அது ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்கிறவர்கள் எத்தனை பேர்?

கண்டக்டருக்குத் தலை சுற்றியது. "ஏனுங்க, போன தடவ ஏறிடுச்சுன்னு குடுத்தீங்க. இப்ப எறங்கிடுச்சுன்னு குடுக்கறீங்க. உங்களுக்கு என்னதானுங்க வேணும்?"

பொன்னாயி ஜன்னலோரத்திலிருந்து பதில் சொன்னார்: "அடுத்த மூணு மாசம் வேணுமுங்க. அப்புறம் அதுக்கடுத்த மூணு மாசம்."

முப்பதாவது வளைவில் மிட்டாயை வாயில் போட்டேன். வயிறு பேசாமல் இருந்தது!