ஒரே வீட்டில் இரண்டு கோமதி

பிளாஸ்டிக் உறை போட்டு, வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ‘புதிய கணினி முறைக்கு மாறுவோருக்குப் பத்துக் குறிப்புகள்’ என்று தலைப்பு. எழுதியவன் நான். பயப்படாதீர்கள், அழுத்திப் பாருங்கள், தப்பானால் திருத்திக்கொள்ளலாம் என்பது முதல் குறிப்பு. பழைய பழக்கத்தை மறந்துவிடுங்கள் என்பது மூன்றாவது. பழைய அட்டைகள் கண்ணில் பட்டால் கை அங்கேதான் போகும், ஆகவே அவற்றை உடனே அப்புறப்படுத்துங்கள் என்பது ஒன்பதாவது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிரிக்கிற மஞ்சள் முகம் வேறு. சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எங்கள் கம்பெனி கணினி முறையை அமைத்துக் கொடுத்தபோது, அங்கே மூன்று மாதம் தங்கி ஆட்களைப் பழக்கிவிட என்னை அனுப்பியிருந்தார்கள். எனக்கு இருபத்தாறு வயது. தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு.

நோயாளிகளின் அட்டைகளை, அந்த ஊர்ப் பேச்சில் சீட்டுகளை, பார்த்துக்கொண்டவரை எல்லோரும் சீட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பது வயதுக்கு மேலிருக்கும், வெடுக்கென்று பேசுவார். வருகிறவரிடம் முதலில் பெயரைக் கேட்கமாட்டார். “எந்தப் பஸ்ல வந்தீக?” என்பார். அட்டைகளை அவர் அடுக்கியிருந்ததே பஸ் தடம் பார்த்துத்தான். குருவிகுளம் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு அலமாரி, வாசுதேவநல்லூர் தடத்துக்கு ஒன்று, பனவடலிசத்திரம் பக்கத்துக்கு ஒன்று. அதற்குள் ஊர், ஊருக்குள் வீடு. யாருக்காவது ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால், அட்டையின் மேல் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் அதை எழுதி வட்டம் போட்டிருப்பார். முதல் நாள் அந்தப் பஸ் அலமாரிகளைப் பார்த்துவிட்டுக் கம்பெனி நண்பர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரித்தேன். அக்காவின் காதில் விழும்படிதான் சிரித்தேன்.

“சிரிங்க தம்பி. இங்கன ஒரு தெருவுல நின்னு கோமதின்னு கூப்பிட்டா பத்துப் பேரு திரும்பிப் பாப்பாக. எல்லாருக்கும் இந்த ஊரு அம்மன் பேருதான். பேர வச்சுத் தேடுனா ஆளு சிக்க மாட்டாக” என்றார்.

அட்டையில் இருந்ததைக் கணினியில் ஏற்றும் வேலையை அவருக்கே கொடுத்தார்கள். அதுவரை விசைப்பலகையைத் தொட்டிராதவர். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே தட்டுவார். ஒரு அட்டை முடிந்ததும் அதையும் திரையையும் மாற்றி மாற்றி இரண்டு தடவை வாசிப்பார். எனக்கு எரிச்சலாக வரும். அட்டைகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடப்போகிறோம் என்று தெரிந்தபோது மட்டும் அவர் என்னிடம் கெஞ்சுவதுபோலப் பேசினார். “மூணு மாசம் ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமே. தப்புன்னு ஒண்ணு வந்தா எதப் பாத்துத் திருத்துறது?” நான் சுவரைக் கைகாட்டினேன், ஒன்பதாவது குறிப்பு என்றேன். மறுநாள் ஒரு குட்டியானை வண்டி வந்து எல்லா அலமாரிகளையும் காலி செய்துகொண்டு போயிற்று.

அதன் பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருக்கலாம் என்று கணினி ஒரு பட்டியல் கொடுத்தது. பெயர், முதலெழுத்து, வீட்டு எண், போன் நம்பர் எல்லாம் ஒன்றாக இருந்தால் அது ஒரே ஆள்தான் என்பது அதன் கணக்கு, என் கணக்கும் அதுவே. பட்டியலோடு பத்தடி நடந்து அக்காவிடம் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அவரிடம் போய்க் கேட்பதா என்றிருந்தது. அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் டீயைக் குடித்தபடியே ஒவ்வொன்றாக ‘இணை’, ‘இணை’ என்று தட்டி முடித்தேன். இப்படி ஒரு பட்டியல் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

பனவடலிசத்திரம் பக்கத்தில் ஆடு வளர்க்கும் வீடு ஒன்று. அந்த வீட்டு மகள் பெயர் கோமதி. அந்த வீட்டு மருமகள் அவளுக்கு அத்தை மகள். அவளுக்கும் அதே பாட்டியின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள், அவளும் கோமதி. மகளுக்கு அப்பா முருகன், மருமகளுக்குப் புருஷன் மாரியப்பன், ஆக முதலெழுத்து மு, மா என்று தமிழில் வேறாக இருந்தாலும் நாங்கள் ஏற்றியது ஆங்கிலத்தில். அதில் இரண்டும் ஒரே எழுத்து. வயதும் ஒன்று, வீட்டுக்கு ஒரே போன். நான் இருவரையும் ஒருத்தி ஆக்கினேன். மருமகளுக்குப் பென்சிலின் ஆகாது. மகளுக்கு அப்படி எதுவும் இல்லை. மகளின் பதிவு புதியது என்பதால் கணினி அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து மருமகள் காலில் முள் குத்திச் சீழ் வைத்து வந்தாள். டாக்டர் திரையைப் பார்த்துவிட்டுப் பென்சிலின் ஊசிக்கு எழுதினார். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வீங்கி, மூச்சுக்குத் தவித்து, அந்தப் பெண் பெஞ்சிலிருந்து கீழே சரிந்தாள். மாமியார்க்காரி, “ஏட்டி கோமதி, என்னப் பாருட்டி” என்று அவள் கன்னத்தில் தட்டித் தட்டி அலறியது என் காதில் இன்னும் இருக்கிறது. டாக்டர்கள் எப்படியோ பிழைக்கவைத்து, திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். நான்கு நாளில் வீடு திரும்பிவிட்டாள்.

அவளை வண்டியில் ஏற்றிய கையோடு நான் கணினியில் பின்பக்கப் பதிவைத் திறந்து பார்த்தேன். யார், எந்த நேரத்தில், என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். என் பெயர் இருந்தது. அதைப் பார்க்க அந்த ஆஸ்பத்திரியில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மூடிவிட்டேன்.

மேனேஜர் அறையில் விசாரணை, அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். “ரெண்டு பேரு விவரமும் ஒண்ணாக் கிடக்கே, யாரு பாத்த வேலை?” என்றார். அடுத்த மாதம் எனக்குச் சென்னையில் பதவி உயர்வு காத்திருந்தது. இங்கே எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்று அவர் ஒரு கடிதம் தரவேண்டியிருந்தது. “ஏற்றும்போதே அப்படித்தான் ஏறியிருக்கிறது, சார்” என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். “தனித்தனியாத்தான் போட்டேன்னு நெனக்கேன். செவப்புல எழுதுனதக்கூடப் போட்ட மாதிரி இருக்கு” என்று இழுத்தார். சரிபார்க்க அட்டை இல்லை. கொஞ்ச நேரம் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “தம்பி பாத்துச் சொல்லுதாக. சரியாத்தான் இருக்கும்” என்று அழ ஆரம்பித்தார். அன்றைக்கே அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். எனக்குக் கடிதம் கிடைத்தது.

இப்போது நான் ஊர் ஊராகப் போய், கணினி மாற்றுகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். பழையதைத் தூக்கி எறிய அவசரப்படாதீர்கள், இரண்டையும் கொஞ்ச காலம் வைத்திருங்கள், இரண்டு பதிவை ஒன்றாக்கும் முன் அந்த ஆட்களைத் தெரிந்தவரிடம் கேளுங்கள் என்று சொல்கிறேன். அனுபவசாலி என்று கை தட்டுகிறார்கள். சோறு போடுகிற என் ஞானமெல்லாம் அக்கா அன்றைக்குச் சொன்னதுதான். மேடையில் நிற்கிற என் முகத்தில் எனக்கே காறித் துப்பத் தோன்றும்.

போன மாதம் துணிந்து சங்கரன்கோவிலுக்குப் போனேன். அந்த ஆஸ்பத்திரி வேறு கம்பெனியின் முறைக்கு மாறியிருந்தது, எங்கள் பதிவு முழுவதையும் அழித்துவிட்டார்களாம். அக்கா பூ மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் பூக் கட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டதும் எழுந்துவிட்டார், காபி வாங்கிவர ஆள் அனுப்பினார். எழுத்து வேலைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். “பேனாவத் தொட்டாக் கை நடுங்குது தம்பி. ஒரு உசிரல்லா போகப் பாத்தது” என்றார். வருஷத்துக்கு ஒரு தடவை பனவடலிசத்திரம் போய் அந்தக் கோமதியைப் பார்த்துவிட்டு வருவாராம். அவள் பிள்ளைக்குக் காதுகுத்தியபோது தன் சக்திக்கு மீறிச் செய்தாராம்.

நான் சொன்னேன். பட்டியல், டீ, நான் தட்டியது, பின்பக்கத்தில் என் பெயர், ஒன்று விடாமல் சொன்னேன். நீங்கள் சரியாகத்தான் ஏற்றியிருந்தீர்கள் அக்கா, செய்தது நான் என்றேன். அவர் பூவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு ஆறுதலாச் சொல்லுதீக. எனக்குத் தெரியாதா? நல்ல மனசு தம்பி ஒங்களுக்கு.”

சத்தியமாக நான்தான் என்றேன். “போதும், விடுங்க” என்று சிரித்தார். பிறகு பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், “பாத்தியாட்டி, நான் செஞ்ச தப்பத் தன் தலைல போட்டுக்கிட எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்காக” என்றார். அந்தப் பெண் கையிலிருந்த பூ நாரைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.