மணல் பிந்தாத வேலை

நோர்வேயில் நான் வேலை செய்யும் கட்டடத்தளத்தில் காலையில் அடிக்கடி காதில் விழும் சொல் 'நெய்'. பேர்கன் நகரின் மழையில் நனைந்த உடுப்புகளோடு தச்சர்கள், குழாய் வேலைக்காரர்கள், ஓடு பதிப்பவர்கள் எல்லோரும் ஒரு பலகைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். பலகை முழுக்க நிறநிறமாகச் சிறிய தாள்கள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு தாளும் ஒருவர் செய்து தருவதாகச் சொன்ன வேலை. எங்கள் தளத்தின் மேற்பார்வையாளர் ஆர்னே ஒவ்வொருவரையும் பார்த்து, இன்றைக்கு இது முடியுமா என்று கேட்பார். யாராவது ஒருவர் 'நெய்' என்பார். இல்லை, முடியாது என்று பொருள். உடனே ஆர்னே 'தக்' என்பார். அதற்கு நன்றி என்று பொருள். வந்த புதிதில் நெய் என்றதும் எனக்குப் பொங்கல் பானையின் வாசம்தான் வந்தது. அது பழகிவிட்டது. முடியாது என்று சொன்ன ஆளுக்கு நன்றி சொல்வதுதான் நெடுநாளாகப் பழகவில்லை. இலங்கையில், எங்கள் வன்னியில், எந்த வேலைத்தளத்திலும் நான் அதைக் கண்டதில்லை.

இந்த முறைக்கு 'லீன்' என்று பெயர். முதலில் தொழிற்சாலைகளில் தொடங்கி, பிறகு கட்டட வேலைக்கும் வந்தது. வீணாகப் போவதைத் தேடிப் பிடித்துக் குறைப்பதுதான் அதன் சாரம். தேவைக்கு முன்னமே பொருளைக் கொண்டுவந்து குவிப்பது வீண். குவித்ததை இடம் மாற்றி மாற்றித் தூக்குவது வீண். பிழையாகக் கட்டி உடைப்பது வீண். எல்லாவற்றிலும் பெரிய வீண் காத்திருப்பது. கல் கட்டும் மேசன் மணலுக்காகவும், தச்சன் மேசனுக்காகவும், கூரை தச்சனுக்காகவும் காத்திருப்பது. ஒருவர் இன்னொருவருக்காக நிற்காதபடி வேலைகளைக் கோர்த்துக் கொடுப்பதுதான் என்னுடைய வேலை. காத்திருப்பை ஒழிப்பதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

முதல் வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் மாடிக் குளியலறைகள் வியாழக்கிழமை ஓடு பதிக்க ஆயத்தமாகிவிடுமா என்று ஆர்னே கேட்டார். நான் 'யா, யா' என்று தலையாட்டினேன். எங்களுடைய 'ஓம்' எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்வது கேட்கிறது, உங்களை மதிக்கிறேன், பார்ப்பம், இந்தக் கதையை இத்தோடு விடுவம், எல்லாம் அதற்குள் இருக்கும். நான் அந்த ஓமைத்தான் அவர்களுடைய மொழியில் சொன்னேன். வியாழக்கிழமை ஓடு பதிப்பவர்கள் வந்து இறங்க, குழாய் வேலை செய்யும் போலந்துக்காரர் இன்னும் முழங்காலில் நின்று குழாய் பொருத்திக்கொண்டிருந்தார். என் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆர்னே கோபிக்கவில்லை. ஏன் இப்படி நடந்தது என்று கேட்டார். நான் சொன்ன பதிலுக்கும் ஏன் என்றார். அதற்குச் சொன்ன பதிலுக்கும் ஏன் என்றார். கடைசியில், நீங்கள் கேட்டது விளங்கியது என்ற அர்த்தத்தில்தான் யா என்றேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"விளங்கியது என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் கேட்டது அதை இல்லையே," என்றார் ஆர்னே.

செவ்வாய்க்கிழமையே நீ நெய் என்றிருந்தால் ஓடு பதிப்பவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பியிருப்பேன் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். அடுத்த வாரம் முதல் தடவையாக எல்லோர் முன்னாலும் 'நெய்' என்றேன். ஆர்னே 'தக்' என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

ஊரில் என் முதல் வேலை புளியங்குளத்துக்குக் கிட்ட. போரில் இடம்பெயர்ந்த சனங்களின் மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம். அங்கே ஒரு பொதுமண்டபம் கட்டினார்கள். நான் அதற்கு ரீ.ஓ., தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஸ்கந்தபுரத்திலிருந்து விடியமுன் வெளிக்கிட்டு, கிளிநொச்சியில் பஸ் மாறி, ஏ ஒன்பது வீதியில் இறங்கி, மிச்சத்தைச் சைக்கிளில் போவேன். வாரம் ஒருமுறை மேலதிகாரி வருவார். மாத முடிவுக்குள் சுவர் லிண்டல் மட்டத்துக்கு, கதவு நிலையின் தலை உயரத்துக்கு, வந்திடுமோ என்று கேட்பார். ஓம் சேர் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம். அவருடைய வாகனம் கிளப்பிய புழுதி அடங்கியதும் திரும்ப மரத்தடிக்குப் போய் மணலுக்காகக் காத்திருப்போம். மணல் வந்த நாளில் சீமெந்து இருக்காது. வவுனியாவிலிருந்து சீமெந்து லொறி வந்த நாளில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வராது. நான்கு மாத வேலை என்று தொடங்கியது ஒரு வருடத்தையும் தாண்டி இழுத்தது.

அந்த மரத்தடியில்தான் ராமையா அண்ணையையும் புஸ்பம் அக்காவையும் அறிந்தேன். அவர் தலைமை மேசன். அவா அவருடைய மனைவி, அதே வேலையில் சாந்து குழைத்துக் கொடுப்பவா. இருவருடைய பெற்றோரும் மலையகத் தோட்டங்களிலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். மணல் பிந்தும் நாட்களில் புஸ்பம் அக்கா மூன்று கல்லை வைத்துப் பால் போடாத பிளேன்ரீ கொதிக்க வைப்பா. உள்ளங்கையில் ஒரு துண்டுச் சர்க்கரையும் வைப்பா. அவாவுடைய அம்மா தோட்டத்தில் பாடிய தாலாட்டை, சண்டைக்குள் தான் எந்தப் பிள்ளையை எந்தக் குளக்கட்டால் தூக்கிக்கொண்டு ஓடினா என்பதை, ராமையா அண்ணை பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசாமல் அவர்கள் வீட்டு உடைந்த படியைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனதை எல்லாம் அந்த மரத்தடியில்தான் கேட்டேன். அண்ணை கதைக்கமாட்டார். மனிசி கதைக்கிற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். எனக்கு நோர்வேயில் கலியாணம் பொருந்தியபோது எல்லோரும் மாப்பிள்ளை என்ன வேலை என்று விசாரித்தார்கள். புஸ்பம் அக்கா மட்டும், "அங்க போய் யாரோட மிஸ் கதைப்பீங்க?" என்று கேட்டா.

பேர்கனில் ஆர்னேயோடு இத்தனை வருடம் வேலை செய்கிறேன். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லக்கூடிய நல்ல மனிதர்தான். கேட்க ஒரு இடைவெளி வருவதில்லை. அந்த இடைவெளி வராமல் பார்க்கிறவளும் நான்தான்.

போன வருடம் என் சொந்த அண்ணா தொலைபேசி எடுத்தார். அவர் ஸ்கந்தபுரத்தில் நெல் செய்கிறார், அங்குள்ள விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். நெல்லை வைக்கக் களஞ்சியம் இல்லாததால், அறுவடை முடிந்ததும் நெல்லை றோட்டோரம் குவித்துக் காய விடுவார்கள். அந்த மாசியில் காலம் தப்பிப் பெய்த மழையில் குவியல்கள் நனைந்து முளைவிட்டன. நனையாததையும் ஈரமென்று சொல்லி வியாபாரிகள் தங்கள் விலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். சங்கம் ஒரு களஞ்சியம் கட்டத் தொடங்கி, அத்திவாரத்தோடு நின்றுபோயிருந்தது. இந்த மாரிக்கு முன்னம் கூரை ஏறாவிட்டால் அடுத்த காலபோக நெல்லும் றோட்டில்தான் என்றார் அண்ணா. நான் கோடை விடுமுறையோடு சம்பளமில்லாத விடுமுறையும் சேர்த்து எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ராமையா அண்ணை எங்கேயென்று தேடிப் பிடித்து அவரை வேலைக்குக் கூப்பிடும்படி அண்ணாவிடம் கேட்டிருந்தேன்.

முதல் நாள் பின்னேரம் எல்லோரையும் களஞ்சியத்துக்குப் பக்கத்திலுள்ள பழைய சங்கக் கட்டடத்தில் கூட்டினேன். சுவரில் ஒட்டுப்பலகை ஒன்றை அறைந்து நிறத்தாள்களை ஒட்டியிருந்தேன். மேசன்மார், தச்சர், கூரைச் சட்டம் ஒட்டும் வெல்டர், உழவு மெசின் பெட்டியில் மணல் ஏற்றிவருபவர் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ராமையா அண்ணை கொஞ்சம் நரைத்திருந்தார். நான் சிரித்துக்கொண்டே கிட்டப் போய், அக்கா சுகமோ என்று கேட்டேன். அவர் "ஓம் மிஸ்" என்றார். எனக்குப் பலகையில்தான் அவசரம். திரும்பி வேலையைத் தொடங்கினேன். லீன் என்றால் மெலிந்தது என்று ஒரு அர்த்தம் உண்டு என்று சொல்ல, தேத்தண்ணி கொண்டுவந்த அண்ணி மதி, மெலிஞ்சது நீங்கள்தான், முதலில் சாப்பிடுங்கோ என்றா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு, நாளைக்கு எதைச் செய்ய ஏலாது என்று சொல்லுங்கோ என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாம் செய்யலாம் மிஸ் என்றார்கள்.

மூன்று நான்கு பின்னேரங்கள் இப்படியே போயின. எல்லாவற்றுக்கும் ஓம். விடிந்தால் பாதி நடக்காது. பிறகு ஒரு பின்னேரம் மணல்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு மணல் வராது மிஸ். மணல் அள்ளுற பெர்மிற் முடிஞ்சுது," என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். மணல் தராததற்கு நன்றி வாங்கியவர் என்று அவரை இரண்டு நாளாகப் பகிடி பண்ணினார்கள். ஆனால் அடுத்த நாள் மேசன்மார் மணலைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, ஏற்கெனவே வந்திருந்த கதவு நிலைகளை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வாய் திறந்தது. கரண்ட் நிற்கும், வெல்டிங் ஏலாது. தங்கச்சியின் மகள் பெரிசாகிட்டா, சாமத்தியச் சடங்கு, வரமாட்டன். சொல்லச் சொல்லத் தாள்களை இடம் மாற்றினோம். சீமெந்துக் கல்லை ஒரே இடத்தில் மலைபோல் குவிக்காமல், எந்தச் சுவருக்குத் தேவையோ அந்தச் சுவரின் காலடியில் இறக்க வைத்தேன். சுவர் எழும்பிய வேகத்தைப் பார்க்க, றோட்டால் போன ஆட்கள் சைக்கிளை நிற்பாட்டினார்கள். ஆவணி முடியக் கூரைச் சட்டம் ஏறியது. முதல் மழை விழ முன்னமே தகரமும் அடித்து முடிந்தது. என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோசமாக நான் ஒரு கட்டடத்தைப் பார்த்ததில்லை.

களஞ்சியத்தில் பால் காய்ச்சிய அன்று அண்ணி எல்லோருக்கும் பொங்கல் பரிமாறினா. ராமையா அண்ணை ஒதுங்கி, தான் கட்டிய சுவரின் மூலையைத் தடவிக்கொண்டு நின்றார். ஒரு கிண்ணத்தில் பொங்கல் போட்டு மூடி, இது அக்காவுக்கு, ஏன் இன்றைக்கென்றாலும் அவாவைக் கூட்டிவரவில்லை என்று கேட்டேன்.

"அவ இல்ல மிஸ்," என்றார். "போன மாரியோட போயிட்டா. காய்ச்சல் எண்டுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம்."

வந்த அன்றைக்கே கேட்டேனே அண்ணை, ஓம் என்றீர்களே என்றேன்.

"கேட்டீங்க. எல்லாரும் நிண்டாங்க, பலகையில வேலை இருந்திச்சு." கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ஒரு நாளைக்கு மணல் பிந்தும், அப்ப சொல்லுவம் எண்டு இருந்தன் மிஸ். மணல் பிந்தவே இல்ல."

அவர் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அந்த வாரங்கள் முழுக்க அவர் சங்கக் கட்டடத்தில் படுத்து எழும்பினார், தானே சோறு காய்ச்சினார். நான் ஒவ்வொரு பின்னேரமும் அவருடைய தாள்களை வாசித்தேன். என்ன கல், எந்தச் சுவர், எந்த நாள் என்று எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மரத்தடியில் அரைநாள் இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று தெரியவில்லை. அதற்காகப் பழைய காத்திருப்பு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. புளியங்குளத்து மண்டபம் ஒரு வருடம் இழுபட்டதில், மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் ஒரு மாரி முழுக்கக் கூடாரத்தில் கிடந்த ஆட்களை எனக்குத் தெரியும். முளைவிட்ட நெல்லை அள்ளிய கைகளையும் தெரியும். களஞ்சியம் வேண்டியதுதான், நேரத்துக்கு வேண்டியதுதான். ஆனால் இந்த முறையைப் படிப்பித்த எவரும், வேலைக்கு நடுவில் ஒரு மனிதர் வாய் திறக்க எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கு அது தெரிந்திருந்தது. பேர்கனில் எங்கோ மறந்துபோனேன்.

திரும்பும் நாளில் கொழும்புக்குப் போகும் வாடகை வான் வண்டியைப் புளியங்குளத்தில் திருப்பச் சொன்னேன். ராமையா அண்ணையின் வீடு வீதியிலிருந்து உள்ளே, வயல்கரையில் இருந்தது. "வாங்க, வாங்க மிஸ்" என்று பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். வேலைத்தளத்தில் எங்களைப்போல ஓம் என்பவர் வீட்டில் ஆமாங்க என்றார். அலுமாரிக்கு மேலே புஸ்பம் அக்காவின் படம், அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது. அவர் தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு வாசற்படியில் இருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. வயலில் நாலைந்து கொக்குகள் எழும்பின, இறங்கின, திரும்ப எழும்பின. நெடுநேரத்துக்குப் பிறகு, அவா கடைசி இரண்டு நாளும் என்ன சாப்பிடக் கேட்டா என்பதிலிருந்து தொடங்கினார். அந்தப் பேசாத மனிதர் அவ்வளவு கதைத்ததை நான் முன்னம் கண்டதில்லை.

இடையில் தொலைபேசி அடித்தது. அண்ணா. எவ்விடம் போய்விட்டாய் என்று கேட்டார். புளியங்குளம் என்றேன். இப்பதானோ, பிளேனைத் தவறவிடப் போறாய் என்று பதறினார். வைத்ததும் திரும்ப அடித்தது. பேர்கனிலிருந்து என் மகள். அவளும் எங்கே நிற்கிறாய் என்றுதான் கேட்டாள். அவளுக்கும் புளியங்குளம் என்றேன். அவளுக்கு அந்தப் பெயர் பிடிபடவில்லை.

"அது வீட்டுக்குக் கிட்டவோ அம்மா, தூரமோ?" என்றாள்.

எந்த வீட்டுக்கு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வயலுக்கு அப்பால் வான் வண்டியின் ஹோர்ன் அடித்தது. ராமையா அண்ணை கதையை நிறுத்திவிட்டு, நான் கதைத்து முடிக்கட்டும் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவில நிக்கிறன் பிள்ளை," என்றேன்.