இசக்கிசெல்வியின் வெளியுறவுத்துறை

சங்கரன்கோவிலில் எம்.பி. யாரென்று கேட்டால் தலையைச் சொறிகிறவர்கள்கூட, இசக்கிசெல்வி எங்கே என்று கேட்டால் சட்டென்று மாடியைக் கைகாட்டுவார்கள். ரத வீதியில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே எம்.பி. அலுவலகம். இதுவரை மூன்று எம்.பி.க்கள் அந்த மாடிக்கு வந்துபோயாயிற்று. மூன்று பேருக்கும் வேட்டிக் கரை வேறு வேறு. ஆனால் மனு அடிக்கிற மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது மட்டும் அதே இசக்கிசெல்விதான். அதற்கு முன் கீழே இருந்த தட்டச்சுப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் எம்.பி. மேசை நாற்காலி வாங்கியபோது அவளையும் சேர்த்து வாங்கிவிட்டார் என்று ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் துரைப்பாண்டி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அவளுக்கென்று ஒரு வேலைமுறை உண்டு. மனு கொடுக்க வருகிறவர்களை அவள் குறுக்கே பேசி நிறுத்தவே மாட்டாள். மாட்டுத் தொழுவத்தில் ஆரம்பித்து மச்சினன் வீட்டுச் சண்டை வரை போகட்டும், போகட்டும் என்று விட்டுவிடுவாள். சொல்ல வந்த காரியத்தை நம்ம ஆட்கள் எழுந்து போகும்போதுதான் சொல்வார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. கரிவலம்வந்தநல்லூர் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் கதைகளை வாராவாரம் முழுதாகக் கேட்ட ஒரே பிறவி இந்த உலகத்தில் அவள்தான். அவர் சம்சாரம் முப்பிடாதியம்மாள்கூட பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாளாம்.

அண்ணாச்சிக்கு ஒரே கோரிக்கை. சாயங்கால ராஜபாளையம் பஸ் கரிவலத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஒன்றே முக்கால் வருஷமாக மனு கொடுக்கிறார். பஸ்ஸும் ஒன்றே முக்கால் வருஷமாக நிற்காமல் போகிறது.

இந்த எம்.பி. வந்த பிறகு இசக்கிசெல்விக்குப் புதிதாக ஒரு வேலை சேர்ந்தது. டெல்லியில் அவரை ஏதோ வெளியுறவுக் குழுவில் போட்டுவிட்டார்கள். அது தெரிந்ததும் கடையநல்லூரிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் வளைகுடாக் குடும்பங்கள் படியேற ஆரம்பித்தன. விசா சிக்கல், பாஸ்போர்ட் சிக்கல், கம்பெனி லீவு கொடுக்கவில்லை என்று நாளுக்கு நாலு பேர். துரைப்பாண்டி அவளுக்கு வெளியுறவுத்துறை என்றே பேர் வைத்துவிட்டான். “வெளியுறவுத்துறை, ராத்திரிக்குத் தோசையா உப்புமாவா?” என்றுதான் வீட்டில் கேட்பான்.

அப்படி வந்தவள்தான் கடையநல்லூர் பஸீலா. கூட அவள் தாய்மாமன் சுலைமான். மாமன் மகன் முகம்மது அர்ஷத்துக்கும் அவளுக்கும் நிக்காஹ் பேசி முடித்து, பத்திரிகை அடித்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் மாப்பிள்ளை வரவில்லை. ஒப்பந்தம் முடிந்து பத்து மாதமாகியும் கம்பெனி பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்காமல் இழுத்தடித்தது. மூன்றாவது தேதி குறித்திருந்தார்கள். இதிலும் வராவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவேன் என்று பஸீலாவின் வாப்பா ஜமாஅத் ஆட்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

அழுதுகொண்டு வருகிற பெண்களை இசக்கிசெல்வி நிறையப் பார்த்திருக்கிறாள். இவள் அழவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளையைக் கட்டாயம் அனுப்பித் தரவேண்டும் என்று மனுவில் போடச் சொன்னாள், என்னவோ கடையில் சொல்லிவைத்த சாமானைக் கேட்பது போல. பக்கத்தில் சுலைமான் தலையைக் குனிந்துகொண்டார். இசக்கிசெல்விக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

அந்த மாதம் எம்.பி. நாடாளுமன்றக் குழுவோடு வளைகுடாவுக்குப் போனார். சமாதானம், வர்த்தகம் என்று பெரிய பேச்சுவார்த்தை. டி.வி.யில் அந்த ஊர் மந்திரியோடு கை குலுக்கினார். அதைப் பார்த்துவிட்டு வந்த ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு வயிறு எரிந்தது.

“கரிவலத்துல ஒரு பஸ்ஸை நிறுத்த முடியல. இவரு அங்கன போயி சண்டைய நிறுத்துதாராக்கும்” என்றார்.

ஆனால் எம்.பி. சும்மா போகவில்லை. இசக்கிசெல்வி அடித்துக் கொடுத்த ஏழு பேர் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினார். அர்ஷத் உட்பட ஏழு பேரும் அதே கம்பெனியின் தொழிலாளர் முகாமில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள். செவ்வாய்க்கிழமை தூதரகத்தில் கம்பெனி ஆளையும் வரவழைத்து உட்காரவைப்பதாக ஏற்பாடு. பட்டியலில் உள்ளவர்களின் பெயர் கம்பெனிப் பதிவில் இருந்தால் அன்றைக்கே பாஸ்போர்ட்டை விடுவித்துவிடலாம் என்று பேச்சு.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே பஸீலாவும் சுலைமானும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆவுடையப்பன் அண்ணாச்சியும் வந்திருந்தார். வழக்கமாக வருகிற திங்கள்கிழமை அவருக்கு வேறு ஜோலியாம். கீழேயிருந்து டீ வந்தது. இரண்டு மடக்கு குடிப்பதற்குள் சுலைமானுக்குப் புரையேறிவிட்டது. இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

பஸீலா அவர் உச்சந்தலையில் தட்டினாள். “ஆரோ உங்களை நினைக்காங்க மாமா.”

“என்னைய நினைக்க ஆரு இருக்கா, அவனை விட்டா” என்றார் சுலைமான். சில வருஷமாகவே அவருக்கு இப்படித்தானாம். சோற்றில் கை வைத்தாலே புரையேறுகிறதாம். டாக்டரிடம் காட்டியும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம்.

ஒன்றரை மணிக்கு போன் அடித்தது. எம்.பி.யின் உதவியாளர் கண்ணன் தூதரகத்திலிருந்து பேசினான். குரலே சரியில்லை. ஏழு பேரில் ஒருத்தர்கூட கம்பெனிப் பதிவில் இல்லையாம். அர்ஷத் என்று ஒரு ஆளை நாங்கள் வேலைக்கே வைக்கவில்லை என்று கம்பெனி ஆள் சாதிக்கிறானாம். பாஸ்போர்ட் எண்ணைச் சொன்னால், அதெல்லாம் வேறு ஊர் ஆபீஸில் பூட்டியிருக்கிறது, என்னிடம் பேர்தான் இருக்கிறது என்கிறானாம். இன்னும் இருபது நிமிஷத்தில் அவன் எழுந்து போய்விடுவானாம்.

அர்ஷத்துக்கே போன் போடலாம் என்றால் வேலை நடக்கிற இடத்துக்குள் போனைக் கொண்டுபோகவே விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமைதான் பேசுவான். பஸீலா எழுந்து நின்றுவிட்டாள். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அக்கா, அவுக பொய் சொல்லுதாங்க. விட்டுராதீங்க” என்றாள்.

இசக்கிசெல்வி பட்டியலை எடுத்து வெறித்துப் பார்த்தாள். எஸ். முகம்மது அர்ஷத். எம். ஷேக் ஃபரீத். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அவள் அடித்த மனுவில் பிழை இருந்ததாகச் சரித்திரமே இல்லை. எதிரே பெஞ்சில் ஆவுடையப்பன் அண்ணாச்சி தன் முறைக்காகக் காத்துக்கொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் செய்த கண்.

அந்தக் கண்ணைப் பார்த்ததும்தான் அவளுக்கு அந்தக் கதை ஞாபகம் வந்தது. ஏழெட்டுத் தடவை கேட்ட கதை. திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் அண்ணாச்சி காலையிலிருந்து காத்துக் கிடந்தாராம். நர்ஸ் வந்து வந்து “சுடலைமுத்து, சுடலைமுத்து” என்று கூப்பிட்டாளாம். சுடலைமுத்து இவருடைய அப்பா. செத்து இருபது வருஷம் ஆகிறது. அவரை எதற்கு இந்தப் பெண் கூப்பிடுகிறாள் என்று அண்ணாச்சி பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் பார்த்தால் கம்ப்யூட்டரில் இனிஷியலை விரித்து, அப்பா பேரை இவர் பேராக்கி வைத்திருந்தார்களாம். அன்றைக்கு இவர் முறையே போய்விட்டதாம்.

“கண்ணா, எஸ்ஸுல பாரு. சுலைமான்னு ஆளு இருக்கா?” என்று போனில் கத்தினாள் இசக்கிசெல்வி.

எதிரே உட்கார்ந்திருந்த சுலைமான் திடுக்கிட்டு, “நான் இங்கனதானம்மா இருக்கேன்” என்றார்.

அந்தப் பக்கம் ஏதோ பேசிக்கொள்ளும் சத்தம். பிறகு கண்ணன் சொன்னான், சுலைமான் எம்.ஏ. என்று ஒரு எலெக்ட்ரீஷியன் இருக்கிறானாம், ஊர் இந்தியாவாம். எம்.ஏ. என்றால் முகம்மது அர்ஷத். பாஸ்போர்ட்டில் அப்பா பேரைக் குடும்பப் பேராகப் போட்டிருக்கிறார்கள். அங்கே குடும்பப் பேர்தான் பேர். மாப்பிள்ளை ஏழு வருஷமாக அப்பன் பேரில் வேலை பார்த்திருக்கிறான்.

இசக்கிசெல்விக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இருபத்தைந்து வருஷமாக ஒற்றை எழுத்தைத் தட்டிவிட்டுப் போகிறாளே தவிர, அந்த எழுத்துக்குள் ஒரு முழு ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்ததில்லை. கோபப்பட நேரமில்லை. மீதி ஆறு வீட்டுக்கும் வரிசையாக போன் போட்டாள். பஸீலா பக்கத்தில் நின்று எழுதினாள். ஷேக் ஃபரீத் அப்பா முகம்மது மைதீன். அடுத்த வீட்டில் ஆமினாள் என்று ஒரு அம்மா எடுத்து, கணவர் பேரைத் தன் வாயால் சொல்லமாட்டேன் என்று கூச்சப்பட்டு, பேரனைக் கூப்பிட்டுச் சொல்லவைத்தாள். அதில் ஒன்றரை நிமிஷம் போயிற்று. எப்படியோ ஏழு அப்பாக்களும் வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஏழு பேரும் பதிவில் இருந்தார்கள்.

ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு எதுவும் புரியவில்லை. “என் அப்பன் கதைய வச்சா ஏழு பேரைக் கூட்டியாருதீங்க?” என்று கேட்டார். ஆமாம் அண்ணாச்சி என்று இசக்கிசெல்வி கும்பிட்டாள். அவருடைய பஸ் மனுவை அன்று எம்.பி.க்கு அனுப்பும்போது நடந்ததையும் இரண்டு வரி கூடுதலாக எழுதினாள். எம்.பி. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் போக்குவரத்து அதிகாரியை நேரில் போய்ப் பார்த்தார். பஸ் இப்போது கரிவலத்தில் நிற்கிறது. அண்ணாச்சி அடுத்த திங்களும் வந்தார். பஸ் நிற்கிறதாம், உட்கார இடம்தான் இல்லையாம்.

நிக்காஹுக்கு நாலு நாள் இருக்கும்போது அர்ஷத் பத்திரிகையோடு படியேறி வந்தான். பின்னால் சுலைமான். மூன்றாவது பத்திரிகை. பஸீலா முதல் ஆளாக இசக்கிசெல்வி பேரைத்தான் எழுதச் சொன்னாளாம், அதுவும் இனிஷியலை விரித்து. இசக்கிசெல்வி அதை வாங்கிக்கொண்டு, மனு முடிந்தது என்று கையெழுத்து வாங்கப் பதிவேட்டை விரித்தாள். வேண்டுமென்றேதான் இப்படிக் கூப்பிட்டாள்.

“சுலைமான்!”

அப்பனும் மகனும் ஒரே நேரத்தில் “ஆங்” என்றார்கள். மகன் பழக்கதோஷத்தில் ஒரு அடி முன்னாலேயே வந்துவிட்டான்.

சுலைமான் மகனையே பார்த்தார். “ஏலே, ஏழு வருசமா அங்கன எம் பேரைச் சொல்லியா உன்னையக் கூப்பிட்டானுவ?”

“ஆமா வாப்பா. காலையில எழுந்ததுலேர்ந்து படுக்குத வரைக்கும் சுலைமான், சுலைமான்தான். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கூப்பிடுவானுவ.”

கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

“அதான் மக்கா” என்றார், “எனக்கு இங்கன புரையேறிக்கிட்டே இருந்திருக்கு.”