தாய்மாமன் மடி

உலக நாடுகள் இரண்டு கூட்டணிகளாகப் பிரிந்து அடித்துக்கொண்ட அந்த நான்கு வருடங்கள் என்றதும் எனக்கு என் மகளின் வெறும் காதுதான் ஞாபகத்துக்கு வரும்.

அவளுக்கு ஒரு வயது முடிந்ததும் எரியோடு பக்கம் குலசாமி கோயிலில் காதுகுத்து வைத்திருந்தோம். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், என் தம்பி, வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் வெல்டர். அவன் விமானம் ஏற வேண்டிய வாரத்தில் சமாதானப் பேச்சு முறிந்து போர் மூண்டது. அந்தத் துறைமுகம் எதிர்க்கூட்டணி வசம் போனது. விமானம், போன் எல்லாம் நின்றுவிட்டன.

அவன் உயிரோடு இருக்கிறானா என்பதுகூடத் தெரியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எந்தக் கூட்டணி ஜெயிக்கும் என்று சண்டை போட்டார்கள். எவன் ஜெயித்தால் எனக்கென்ன? என் தம்பி எங்கே?

ஒவ்வொரு வருடமும் என் வீட்டுக்காரர் ஆரம்பிப்பார். "ஒங்க சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்திருவோம். அவனும் மாமன்தான?"

"என் தம்பி இருக்கையில இன்னொருத்தன் மடி எதுக்கு?" என்று நானும் ஒவ்வொரு வருடமும் கத்துவேன். வேறு மடியில் உட்கார வைத்தால், அவன் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிள்ளையோ தோடு கேட்டு அழுதாள். சொந்தக்காரர்கள் எனக்குப் பிடிவாதம் என்றார்கள். ஆமாம், பிடிவாதம்தான்.

போர் ஓய்ந்த பிறகு ஒருநாள் அவனிடமிருந்து போன் வந்தது. திண்டுக்கல் ஸ்டேஷனில் பாதி ஆளாக இளைத்து இறங்கினான். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பிள்ளையின் காதைத்தான் பார்த்தான். "இன்னும் குத்தலையாக்கா?" என்றவன் பிளாட்பாரத்திலேயே அழுதான்.

அடுத்த வாரமே கோயிலில் கூடினோம். ஆசாரி தயாராக இருந்தார். தம்பி புது வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஐந்து வயதுக்காரி கிட்டேயே போகவில்லை. "இவரு யாரு? நான் உக்கார மாட்டேன்!" என்று தூணைக் கட்டிக்கொண்டு அலறினாள். மிட்டாய் காட்டினோம், கெஞ்சினோம். ஆத்திரத்தில் முதுகில் ஒன்று வைத்தேன். இந்த மடிக்காகத்தானே நான்கு வருடம் எல்லார் வாயிலும் விழுந்தேன்!

தம்பி எழுந்துவிட்டான். "விடுக்கா, பிள்ளைய அடிக்காத. எங்கிட்டப் பழகட்டும். அடுத்த வருசம் குத்திக்கலாம்."

"அடுத்த வருசமா?"

"நான் எங்க போகப் போறேன்? இங்கனதான இருப்பேன்."

கிடாய் வெட்டியாகிவிட்டது, சோறும் வெந்துவிட்டது. ஆசாரியைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். தம்பியைத் திட்டிக்கொண்டே அவன் இலையில் கறியை அள்ளி வைத்தேன்.