வாயில் ஒதுக்கிய இலை

என் மனைவியின் இரண்டு உள்ளங்கைகளிலும் தழும்பு உண்டு. ரசச்சட்டி இறக்கும்போது சுட்டுவிட்டது என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். நான் பக்கத்தில் இருக்கும்போது பிள்ளைகள் அந்தப் பேச்சை எடுத்தால், ஏதோ வேலை ஞாபகம் வந்தவன்போல எழுந்து வெளியே போய்விடுவேன். அப்படி எழுந்து போவதில் எனக்கு நல்ல பழக்கம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இதுவும் ஒரு வெட்கக்கேடுதான்.

அப்போது நான் போடி கடைவீதியில் ஓர் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தேன். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மலையிலிருந்து தலைச்சுமையாகவும் கழுதைப் பொதியாகவும் இறங்கும் காயைப் பிரித்துக் கொட்டி, பச்சை, வெளுப்பு, வெடிப்பு என்று தரம் பார்ப்பது என் வேலை. ஏலக்காய் ஒரு வீம்புபிடித்த சரக்கு. தன் வாசனையை ஊருக்கெல்லாம் கொடுக்கும். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையையும் வாங்கி வைத்துக்கொள்ளும். மூட்டைக்குப் பக்கத்தில் ஒருவன் பீடி குடித்தால் போதும், மதுரையில் சாக்கைப் பிரிக்கும்போது பீடி மணக்கும். அதனால் எங்கள் முதலாளி, ஆட்கள் உள்ளே வரும்போது கையை வாங்கி முகர்ந்து பார்ப்பார். கல்யாணச் சந்தையில் பெண் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு சோதிக்கமாட்டார்கள்.

நானோ ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. ஒவ்வொரு பீடிக்கும் கடையைவிட்டு இறங்கி, வாய்க்கால் வரை நடந்து, குடித்து, கையையும் வாயையும் கழுவி, புதினா மென்றுகொண்டு திரும்பவேண்டும். பாதி நாள் நடையிலேயே போனது. இருமல் வேறு. கல்யாணமாகி இரண்டாவது வருடம். மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் எண்ணெய் காணாத ராட்டினம் சுற்றுவதுபோலக் கேட்கும். நான் இருமி முடிக்கும்வரை என் மனைவி எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் அப்படி இருமி முடித்தபோது, அவள் ஒரு மஞ்சள் துணியில் காசை வைத்து முடிந்து, சாமி விளக்குப் பக்கத்தில் கட்டினாள்.

"வீரபாண்டி ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டேன். இந்தப் பீடிச் சனியன் உங்கள விட்டுப் போச்சுன்னா, சித்திரத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்குறேன்" என்றாள்.

"எடு, எடு. சட்டிக்கு நெருப்பு என் பீடியிலயே பத்த வச்சுக்கிரலாம்" என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

குரங்கணிப் பக்கமிருந்து சுமை இறக்கும் ஒரு பெரியவர் கடைக்கு வருவார். மலைக்கு அந்தப்பக்கத்து மலையாளம் அவர் பேச்சில் பாதி கலந்திருக்கும். நான் வாய்க்காலுக்கும் கடைக்குமாக நடப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை.

"புகையாக்கும் தம்பி நெஞ்சத் திங்கிறது. இல ஒண்ணும் செய்யாது. பச்சையா ரெண்டு கிள்ளி வெத்தலைக்குள்ள வச்சு ஒதுக்கிக்கிருங்க. ஆடு மாடு திங்கலையா?"

அவர் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது, விரல் விரலாகப் பிரிந்த ரம்பப்பல் இலை. என்ன இலை என்று எனக்குத் தெரியும். தெரியாமல் வாங்கினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சர்க்கார் லைசென்ஸ் கடையில் கஞ்சா விற்ற காலம் அது. அந்தக் கடை வாசலில் நிற்கிறவர்களைக் கஞ்சாக் குடிக்கிகள் என்று நானே காறித் துப்பியிருக்கிறேன். ஆனால் அவர்கள் புகைக்கிறவர்கள். நான் மெல்லப்போகிறவன். இந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாகத் தெரிந்தது.

முதலில் வெறும் கசப்பு. வெற்றிலைக் காரமும் சுண்ணாம்பும் அதை மூடிக்கொண்டன. வெகுநேரம் கழித்து, யாரோ தோளிலிருந்து சுமையை வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. வாய்க்காலுக்குப் போகவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. முதலாளி என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இப்பத்தாம்ப்பா நீ மனுசன்" என்றார். ஒரு மாதத்தில் பீடி நின்றது. இருமலும் குறைந்தது. அது பொய்யில்லை.

என் மனைவி வாய்விட்டு அழுதுவிட்டாள். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய்ச் சொன்னாள். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு என் அக்காவுடையது. அப்பா போனபிறகு குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாம் அக்கா சொல்வதுதான். அக்காவே வந்து, "ஏலே, பரவால்லடா. மனசுல உறுதி இருக்கு உனக்கு" என்றாள். அக்கா யாரையும் லேசில் மெச்சுகிறவள் இல்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மனசு வச்சா முடியாதது என்னக்கா இருக்கு" என்றேன். பிறகு என் மச்சினனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பீடியின் கெடுதல் பற்றி அரைமணி நேரம் புத்திமதி சொன்னேன். வாயில் இலையை ஒதுக்கிக்கொண்டேதான் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் நான் என் வெற்றிலைப் பையை அவிழ்ப்பேன். நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து முதலில் அவளுக்கு ஒன்று மடித்துக் கொடுப்பேன். கல்யாணத்தன்றைக்குச் சடங்காகச் செய்ததை, அப்படியே தினப்படி ஆக்கிக்கொண்டோம். இலை வந்தபிறகு அது நின்றது. அவள் அந்தப் பையைத் தொட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவளுக்கென்று தனியாக ஒரு தட்டு வாங்கி வைத்து, "நீயே மடிச்சுக்க, எனக்குக் கைவேலை இருக்கு" என்றேன். அவள் தட்டையும் பார்த்தாள், பையையும் பார்த்தாள். கண்டுபிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சித்திரை வந்தது. அவள் காப்புக் கட்டிக்கொண்டு ஒருவேளைச் சாப்பாட்டில் விரதம் இருந்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அக்காவையும் கூட்டிக்கொண்டு வண்டி கட்டி வீரபாண்டிக்குப் போனோம். ஆற்றில் கூட்டம் தலை தெரியாமல் முங்கிக்கொண்டிருந்தது. அவள் ஈர மஞ்சள் சேலையோடு கரையேறி நின்றாள். சட்டியில் நெருப்பு வளர்த்து, கொத்து வேப்பிலையை மெத்தைபோலக் கையில் பரப்பி, அதன்மேல் சட்டியை வைத்தார்கள்.

தீச்சட்டி எடுக்கிறவர்களுக்குப் பக்கத்துணையாக ஒருவர் போகவேண்டும். கையிலிருக்கும் வேப்பிலை சூட்டில் வாடிச் சுருளச் சுருள, அதை உருவிவிட்டுப் பச்சைக் கொத்தைச் சட்டிக்கு அடியில் செருகுவது அவர் வேலை. எடுக்கிறவர் சட்டியை இறக்கவும் கூடாது, வாய்திறந்து கேட்கவும் கூடாது. பக்கத்துணைதான் கண்ணும் கையும். அந்த வேலைக்கு நான் நின்றேன். புருஷன் வேறென்ன செய்வான்? தோளில் ஒரு கட்டு வேப்பிலை. வாயில், கூட்டத்தில் மனசு படபடப்பாக இருக்கிறதே என்று வழக்கத்தைவிட ஒரு கிள்ளு கூட.

முதல் இரண்டு முறை சரியாகத்தான் மாற்றினேன். அப்புறம் மேளச் சத்தம் எங்கேயோ தள்ளிக் கேட்க ஆரம்பித்தது. வழியோரத்தில் ஒருவன் பெரிய இரும்புச் சட்டியில் பொரி வறுத்துக்கொண்டிருந்தான். மணலில் நெல் வெடித்து வெடித்து வெள்ளையாகக் குதித்தது. என்ன அழகு என்று நின்றேன். கொஞ்சநேரம்தான் நின்றேன் என்று நினைப்பு. பொரி வாங்கித் தின்றுகொண்டே, இது எதற்கு என்று தோளிலிருந்த வேப்பிலைக் கட்டை இறக்கிவைத்தேன். பின்னால் வந்த வேறொரு தீச்சட்டியின் அனல் முகத்தில் அடித்தபோதுதான் உறைத்தது.

ஓடினேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனபோது, அவள் அப்போதுதான் சட்டியை இறக்கியிருந்தாள். கையில் வேப்பிலை கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. தோல் வழன்று வந்திருந்தது. அத்தனை தூரமும் சட்டியைச் சாய்க்காமல் கொண்டுவந்திருக்கிறாள். முன்னதாகவே வந்து வாசலில் காத்திருந்த அக்கா அவள் பக்கத்தில் நின்றாள்.

"எங்கடா போன?"

"கூட்டத்துல பிரிஞ்சுட்டேங்க்கா. நெருக்கித் தள்ளிட்டாக" என்றேன். பொரித் துணுக்கு என் மீசையில் இருந்திருக்கவேண்டும். என் மனைவி அதைப் பார்த்தாள்.

அக்காவுக்கு என்மேல் கோபம் வரவில்லை. அவள் யோசனை வேறுபக்கம் போயிருந்தது. ஆத்தாளுக்குச் சுத்தமாக விரதம் இருந்தவள் கையை நெருப்பு சுடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சுட்டால் எடுத்தவளிடம் ஏதோ குறை. "விரதத்துல என்னமோ தப்பிருக்கு" என்று பக்கத்தில் நின்ற பெண்களிடம் அக்கா தணிந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. வண்டியில் திரும்பும்போது நான் மாட்டின் கொம்பையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு கைக்கும் மருந்து தடவி, வாழைக்குருத்து சுற்றியிருந்தது. சோறு நான்தான் ஊட்டினேன். மூன்றாம் நாள் விளக்கேற்றும் நேரம். சாப்பாடு முடிந்து, நான் வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு எழுந்தேன்.

"எனக்கும் ஒண்ணு மடிச்சுக் குடுங்க" என்றாள்.

அவளுடைய தட்டைத் தேடினேன்.

"அதுல வேணாம். உங்க பையில இருந்து குடுங்க. நீங்க எத மெல்லுறீகளோ அதயே எனக்கும் குடுங்க."

"இது... உனக்கு ஒத்துக்கிராது."

"உங்களுக்கு நல்லதுன்னா எனக்கும் நல்லதுதான? கை ரொம்ப எரியுதுங்க" என்று வாயைத் திறந்து காட்டினாள்.

நான் பையை அவிழ்த்தேன். பச்சையாக இரண்டு இலை இருந்தது. ஒன்றும் செய்யாது, ஆடு மாடு திங்கலையா, புகைதானே கெடுதல் என்று பத்து மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட எல்லாம் அப்போது ஞாபகத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த இலையைக் கிள்ளி அவள் வாயில் வைக்க என் கை வரவில்லை. அவள் திறந்த வாயை மூடினாள்.

"தை மாசமே தெரியும். நீங்க குளிக்கப் போனப்ப பையப் பாத்தேன்" என்றாள்.

"பெறகு எதுக்குத் தீச்சட்டி எடுத்த?"

"பீடி போனதுக்கா எடுத்தேன்? இது போகணும்னு எடுத்தேன்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டுபோய் அடுப்பில் கவிழ்த்தேன். வந்து உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்து வெற்றிலை எடுத்து, நரம்பு கிள்ளி, மடித்து அவள் வாயில் வைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். அதோடு எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது என்றே நினைத்தேன். இலையை நான் அப்புறம் தொடவில்லை, பீடியையும் தொடவில்லை. இந்தக் கதை அங்கேயே முடிந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே இல்லை.

ஏழெட்டு நாள் கழித்து அக்கா, தெருப் பெண்கள் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தாள். எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடப்போகிறார்கள். யார் யார் பாரி எடுப்பது என்று பேச வந்திருந்தார்கள். என் மனைவி கட்டுப்போட்ட கையோடு நிலைப்படியில் நின்றாள். போன வருடம் அவள்தான் முன்வரிசை.

"நீ இந்த வருசம் எடுக்க வேணாம். விரதம் சுத்தமா இல்லாமத்தான ஆத்தா கையச் சுட்டுச்சு. தெருவுக்கு ஆகாது" என்றாள் அக்கா.

"சரிங்க மதினி" என்றாள் அவள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. நான் சொல்வேன் என்று நம்பிக்கொண்டுதான் பார்த்தாள்.

அக்கா, தப்பு அவமேல இல்ல. இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. மனசில் உறுதி இருக்கிறவன் என்று அக்கா மெச்சியது அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அந்தப் பெண்களும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் நிறைய வெற்றிலை இருக்கிறவன் பேசாமல் இருந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மென்றுகொண்டே எழுந்து, எச்சில் துப்பப் போகிறவன்போலத் தெருவில் இறங்கி நடந்தேன். அந்த வருடத்திலிருந்து அக்கா சாகும்வரை ஒரு முளைப்பாரிக்கும் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசவில்லை.

மயக்கத்தில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அன்றைக்கு என் வாயில் இருந்தது வெறும் வெற்றிலைதான்.