நிறம் காட்டாத திரை

திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு நான் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மருந்து அலர்ஜி உள்ளவர்களின் பெயர் சிவப்பில் தெரியும். முதல் நாள் காலை வார்டுக்குள் நுழைந்தேன். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர் டெர்மினலின் திரையில் எல்லாப் பெயர்களும் வெள்ளையாகவே இருந்தன. வடமதுரையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவுக்கு பெனிசிலின் ஆகாது என்று நானே பதிந்திருந்தேன். நர்ஸ் அவருக்கு அந்த ஊசியைப் போடப் போனார்.

"சிஸ்டர், போடாதீங்க! அவுகளுக்கு அது ஆகாது!"

"ஸ்கிரீன்ல ஒண்ணும் காட்டலையேப்பா?" என்றபடி நர்ஸ் ஊசியைக் கீழே வைத்தார்.

டெர்மினலுக்கு நிறம் காட்ட முடியுமா என்று புரோகிராமே கேட்டுப் பார்க்க, நான் பயன்படுத்திய சாஃப்ட்வேர் லைப்ரரியில் வசதி இருந்தது. நான்தான் அதைப் பயன்படுத்தவில்லை. அங்கேயே உட்கார்ந்து அதைச் சேர்த்தேன். நிறம் இல்லையென்றால் பெயருக்குப் பக்கத்தில் 'அலர்ஜி' என்று எழுத்திலேயே வரும்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் அந்த அம்மா.

தப்பு என்னுடையது என்று சொன்னேன்.